முதல் சுற்றில் ஒரு துளை

கருகிய மோட்டாரிலிருந்து உரித்த பருத்தி நாடாவை விரலில் சுற்றியபடி துரைக்கண்ணு நின்றார். வார்னிஷ் வாசனை பட்டறையெங்கும் பனிபோல் இறங்கியிருந்தது. வெளியே ஆடிக் கிருத்திகைக் கூட்டம். பூக்காவடிகள் கால்களே இல்லாதவைபோல மலையை நோக்கி மிதந்தன. இந்த வாசனையில் அவருக்குக் காலம் கரைந்துவிடும். அப்பா வீரபத்திரன் கம்பி சுற்றுகிறார். சிறுவனாக இவர் நாடா கட்டுகிறார். வாசல் பலகையில் இன்றும் அப்பாவின் பெயர்தான். அந்தப் பெயர் சுற்றிய மோட்டார் எதுவும் கருகித் திரும்பியதில்லை.

கரும்பு ஆலையின் மோட்டார் மூன்றே மாதத்தில் திரும்பிவிட்டது.

அதைச் சுற்றக் கொடுத்த அன்றைக்கே மருமகள் அனுராதா சொன்னாள். "மாமா, ஆலைல வேகத்த கூட்டிக் கொறைக்க ட்ரைவ் பொட்டி மாட்டிக்கீறாங்களாம். அதுல கரண்டு குத்திக் குத்தி வரும். பருத்தி தாங்காது, மைக்கா நாடா சுத்தலாம்."

"நைனா காலத்துலேர்ந்து பருத்திதான். நேத்து வந்த பொட்டிக்கோசரம் வழிய மாத்துவாங்களா?"

அவள் கையிலிருந்த மைக்காச் சுருளை வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

"இன்னா பெரியவரே," ஆலை என்ஜினியர் அரசு உள்ளே வந்தான். "போர்டு பளபளனு கீது. மோட்டாருதான் கரியாப் போச்சு. அரக்கோணம் பட்டறைக்கு ஏத்திடவா? வண்டி நின்னுகினு கீது."

அனுராதா முந்திக்கொண்டாள். "லைன்ல கரண்டு ஏறி எறங்கிக்கினு இருந்துருக்கும் சார். எங்க வேலைல கொறை இல்லிங்க."

அவள் அவரைப் பார்க்கவில்லை. பொய்யை ஒரு நாடாபோலப் பெயரைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்; பலகை அப்படியே இருக்கும். துரைக்கண்ணுவின் முதுகு இன்னும் நிமிர்ந்தது.

"இல்ல தம்பி. மைக்கா போடணும்னு இந்தப் பொண்ணு சொல்லிச்சி. நான்தான் கேக்கல. தப்பு என்னுது."

அரசு கருகிய மோட்டாரைக் குனிந்து பார்த்தான். வாசலிலிருந்து ஓட்டுநர் கத்தினான்: "சார், ஏத்தறதா, வேணாமா?"

துரைக்கண்ணு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மைக்காச் சுருளை எடுத்துத் தூசி தட்டி அனுராதாவிடம் நீட்டினார். விரலிலிருந்த நாடாவை அவிழ்த்தார். மின்சாரம் முதலில் குத்தும் முதல் சுற்றில் இருந்த நாடா அது. நடுவில் ஊசி குத்தியதுபோல் ஒரு துளை. வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடினார்.

துளையின் கரிய வளையத்துக்குள் மலை முழுதும் அடங்கியிருந்தது. படிகளில் மஞ்சள் புள்ளிகளாகக் காவடிகள் ஏறிக்கொண்டிருந்தன.