ஷுவாயின் வெள்ளை வளையல்

ஜகரந்தா பூ கொட்டுகிற மாசம். மைதேய் அக்காவின் கடையில் முடி பின்ன உட்கார்ந்தாலே ஷுவாய்க்குக் கண் சொக்கிவிடும். தலையில் நூல் சுற்றச் சுற்ற உடம்பு கழன்று எங்கோ மிதக்கும். அப்படியொரு மயக்கத்தில்தான் போன மாசம் அவள் வாயிலிருந்து உண்மையெல்லாம் கொட்டிவிட்டது.

லாரி ஓட்டும் புருஷன் கரிகாய், பெய்ரா துறைமுகத்துக்குப் போய்வந்து அவளுக்கு ஒரு சீக்கைக் கொடுத்திருந்தான். ஊசி போட்டுக் குணமானது; வயிற்றில் இருந்தது கலைந்துபோனது. இப்போதைக்கு மறுபடி உண்டாகக் கூடாது என்று நர்ஸம்மா சொல்லிவிட்டாள். ஆனால் ஆணுறை என்று வாயெடுத்தால் போதும், "கட்டின பொண்டாட்டிகிட்ட வர மழைக்கோட்டா?" என்று குதிப்பான் அந்த மகராசன். அவனைப் பிடிக்காமலாவது போயிருக்கலாம், அதுவும் இல்லை. அவன் சிரித்தால் இவளுக்கு எலும்பெல்லாம் இளகிவிடும், என்ன செய்ய?

"அவன் மாட்டலேன்னா நீ மாட்டிக்கடீ," என்றாள் மைதேய் அக்கா. எண்ணெய் டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்ணுறையை எடுத்துப் பிரித்தாள். மெல்லிய நீளப் பை. உள்ளே ஒரு வளையம், பையின் வாயில் ஒரு வளையம். "உள்வளையத்த இப்படி நசுக்கி நல்லா உள்ள தள்ளு. வெளிவளையம் வெளியவே நிக்கட்டும். அவன் வர்றதுக்கு முன்னாடியே வச்சுக்கலாம், அவன்கிட்ட கெஞ்ச வேணாம்."

"ஐயோ அக்கா, இது கோணிப்பை மாதிரியில்ல இருக்கு!"

"ஏன்டீ, உன் புருஷன் மூட்டை அவ்வளவு சின்னதா?"

கடையே விழுந்து விழுந்து சிரித்தது.

அக்கா கொடுத்தனுப்பியதில், வீட்டில் பழகிப் பார்த்த முதல் உறை கைநழுவி மண்ணில் விழுந்து வீணானது. தூக்கிப்போட மனசு வரவில்லை. வெளிவளையத்தை வெட்டியெடுத்துக் கழுவிக் கையில் மாட்டிக்கொண்டாள். பால் நிறத்தில் அழகாகத்தான் இருந்தது.

இன்றைக்கு அவன் வருகிறான். மகள் ஷமிசோவை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, குளித்து, உறையை வைத்துக்கொண்டு பாயில் சாய்ந்தாள். கண் செருகியது. மலைப்பனி தெருவுக்கு இறங்கியது. அதன் பின்னாலேயே கடல் வந்தது, வாசல் தாண்டி, அடுப்பைத் தாண்டி. அவள் அதன்மேல் படுத்துக் கிடந்தாள். ஒரு சொட்டுகூட அவளை நனைக்கவில்லை.

லாரி ஹாரன் கேட்டுத்தான் விழித்தாள். அலறியடித்துக்கொண்டு சட்சாக் களியும் கீரையும் எடுத்துவைத்து, சொம்பை எடுத்து அவன் கைகழுவத் தண்ணீர் ஊற்றினாள். கரிகாயின் கண் அவள் மணிக்கட்டில் நின்றது. வளையல்! கழற்ற மறந்தே போனாள்.

"இது உனக்கு எப்படிக் கிடைச்சுது?"

அவள் தயாராக வைத்திருந்த பொய்யெல்லாம் பறந்துவிட்டது. ஆனால் அவன் முகத்தில் கோபத்தைக் காணோம், பயம்தான் இருந்தது.

"வெறும் வளையல்தானே, ஷமிசோ அப்பா."

"வளையலா? எனக்குத் தெரியாதா? பெய்ராவுல லாரி நிக்கிற இடத்துல இப்பல்லாம் அந்தப் பொம்பளைங்க கையில..."

நாக்கைக் கடித்துக்கொண்டான். சொம்புத் தண்ணீர் தரையில் ஓடியது.

"சொல்லுங்க. நீங்க போன அவ இந்த உறைய வச்சுக்கிட்டப்ப மழைக்கோட்டுன்னு குதிச்சீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"குதிச்சா வெளிய போடான்னுடுவா," என்றான், களியைப் பார்த்துக்கொண்டு.

ஷுவாய்க்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது. எவளோ ஒருத்தி சொன்னால் கேட்பானாம், இவள் சொன்னால் மட்டும் கேட்கமாட்டானாம்! மத்தியானம் முழுக்க இவனுக்காகவா காத்துக் கிடந்தோம் என்று உடம்பு எரிந்தது.

மறைவுக்குப் போய் உறையை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டாள். திரும்பி வந்து வாசலோரம் அவனுக்குத் தனிப் பாய் விரித்தாள்.

"ஷமிசோம்மா..." என்று இழுத்தான் கரிகாய்.

"சாப்பிட்டுப் படுங்க. அடுத்த தடவை வர்றப்போ, அவ சொன்னதக் கேட்ட மாதிரி நான் சொல்றதயும் கேட்டுட்டு உள்ள வாங்க."

அவன் தலையாட்டினான். தகரக் கூரையில் அந்த வருஷத்தின் முதல் மழை விழுந்தது. ஷுவாய் வளையலோடு தன் பாயில் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் கடல் மறுபடி வந்தது.