கிராம்பு வாசனை

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் நான் குடித்திருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் என் மனைவி பிலோமினாள் அன்றைக்கு அதை நம்பவில்லை. ஏழு வருடமாக ஒரு சொட்டுத் தொட்டதில்லை. இருந்தும் வாசலை மறித்துக்கொண்டு நின்று, "ஊதுங்க" என்றாள்.

அந்த வார்த்தையைக் கேட்டு நாலு வருடம் இருக்கும். நான் குடியை விட்ட புதிதில் தினமும் சாயங்காலம் இதுதான் நடக்கும். நான் செருப்பைக் கழற்றுவேன், அவள் பக்கத்தில் வருவாள், நான் வாயைத் திறந்து ஊதுவேன், அவள் தலையை ஆட்டிவிட்டுக் காபி போடப் போவாள். மூன்று வருடம் தினமும் ஊதினேன். ஒருநாள் வழக்கம்போல வாயைத் திறந்தபோது, போதும், உள்ளே வாங்க என்று சொல்லிவிட்டாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் எனக்குப் பதவி உயர்வு வந்த நாளில்கூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

இப்போது திரும்பவும் ஊதச் சொல்கிறாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. என்னையா சந்தேகப்படுகிறாய் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். கத்தின கத்தில் வாயிலிருந்த கிராம்பு வாசனை நேராக அவள் முகத்தில் அடித்தது. குடிக்கிற காலத்தில் நாற்றத்தை மறைக்க நான் மென்றது கிராம்புதான். வேறு சாட்சி எதற்கு?

அவள் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போய் சீட்டைத் திறந்தாள். அடியில் வண்டி துடைக்கிற துணி, துணிக்குள் ஒரு பை. முன்பு குவார்ட்டர் பாட்டில் இருந்த அதே இடம். முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே பாகில் ஊறின பால்பன் ரெண்டு மிச்சம் இருந்தன.

பார்த்தாயா, வெறும் பால்பன் என்றேன், வழக்கில் ஜெயித்தவன் மாதிரி. அவள் முகம் தெளியவில்லை. பால்பன் தின்கிறவன் எதற்குக் கிராம்பு மெல்ல வேண்டும் என்று கேட்டாள். அப்புறம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

குடியை விட்டவனுக்கு நாக்கு இனிப்பைத் தேடும். பசுமலையில் ஞாயிறுதோறும் கூடுகிற எங்கள் குழுவில் எல்லாருமே குடியை விட்டவர்கள். புதிதாக வருகிறவருக்கு முதல் நாள் ஒரு கை மிட்டாய் கொடுப்பது அங்கே வழக்கம். குடிக்கத் தோன்றினால் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் தள்ள வேண்டும். அந்த மிட்டாய் டப்பாவுக்கு நான்தான் பொறுப்பு. எனக்கு அது மிட்டாயோடு நிற்கவில்லை. அல்வா, ஜிலேபி என்று வளர்ந்து, கடைசியில் தினமும் நாலு பால்பன் இல்லாமல் வீடு திரும்ப முடியாது என்று ஆகிவிட்டது. ஆறு மாதத்துக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி பதினொன்று. ஆறரையைத் தொட்டாலே நோய் என்றார் டாக்டரம்மா. மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, கண்ணும் காலும் கடைசிவரை வேண்டுமென்றால் இனிப்பை இன்றோடு விடுங்கள் என்றார். நான் வீட்டுக்கு வந்து ஏழுதான், பயப்பட ஒன்றுமில்லை என்றேன். ரிப்போர்ட்டை ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அன்றிலிருந்து ஒளித்துத் தின்ன ஆரம்பித்தேன். ஒளிக்க ஆரம்பித்ததும் கை தானாகப் பழைய கிராம்பு டப்பாவைத் தேடிப் போயிருக்கிறது.

பிலோமினாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அதே சீட்டு, அதே துணி, அதே கிராம்பு. பொய்யும் அதே பொய்தான். உள்ள இருக்கிறது மட்டுந்தான் மாறியிருக்கு" என்றாள்.

எழுந்துபோய் ஒரு பையில் நாலு புடவையை வைத்து, பையை முன்னறையில் கொண்டுவந்து வைத்தாள். ஆனையூரில் அவள் தம்பி வீடு இருக்கிறது. முன்பு ஒருதடவை அங்கே போனவள் எட்டு மாதம் கழித்துத்தான் வந்தாள்.

"ஞாயித்துக்கிழம உங்களுக்கு ஏழாம் வருசம் கொண்டாடுறாக. அம்புட்டுப் பேர் முன்னாடியும் இதச் சொல்லிட்டு வாங்க. சொல்லாம வந்தீகன்னா நான் தம்பி வீட்டுக்குப் போறேன்."

சாராயத்தையே விட்டவன், இந்தப் பால்பன் என்ன பெரிய வித்தை என்று வீறாப்பாகப் படுத்தேன். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. தன் மகனின் மாற்றுச் சான்றிதழுக்காக ஆபீசுக்கு வந்த ஒருவரிடம் எரிந்து விழுந்துவிட்டு, பின்னாலேயே கேட் வரைக்கும் ஓடி மன்னிப்புக் கேட்டேன். சனிக்கிழமை பால்பன் விற்கிற டீக்கடைப் பக்கம் போகாமல் ஊரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வீறாப்பெல்லாம் போய்விட்டது. விடுவது என்று மட்டும் முடிவாகிவிட்டது. அந்தப் பை முன்னறையில் இருந்த இடத்திலேயே இருந்தது.

எங்கள் குழுவில் குடியை விட்ட தேதியைப் பிறந்தநாளாகக் கேக் வெட்டிக் கொண்டாடுவோம். ஞாயிற்றுக்கிழமை எனக்கு அழகுமலை கேக் வாங்கி வந்திருந்தார். கீழக்குயில்குடிக்காரர், பெயிண்டர், குழுவுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பஸ்ஸில் மடியிலேயே வைத்து அலுங்காமல் கொண்டுவந்திருக்கிறார். குழுவை நடத்துகிற ஸ்டீபன் சார் கத்தியை என் கையில் கொடுத்தார்.

க்ரீம் வாசனை மூக்கில் ஏறியது. மூன்று நாள் காய்ந்த நாக்கு. ஒரு துண்டு மட்டும் தின்றுவிட்டு அப்புறம் சொல்லலாமே என்று தோன்றியது. இந்த ஒன்று மட்டும், அப்புறம் நிறுத்திவிடலாம் என்று கையில் டம்ளரை வைத்துக்கொண்டு ஆயிரம் தடவை நினைத்தவன் நான். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

"என் பேரு ஜேசுராஜ். குடிய விட்டு ஏழு வருசமாச்சு. ஆனா வீட்டுல பொய் சொல்றத விட்டு மூணு நாள்தான் ஆகுது."

கைதட்டத் தயாராக இருந்தவர்கள் கையைக் கீழே போட்டார்கள். நான் ஸ்கூட்டர் சீட்டு, கிராம்பு, பதினொன்று என்று ஒன்றையும் விடாமல் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. முடித்தபோது அழகுமலை சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு எழுந்து நின்றார். பைக்குள் நான் கொடுத்த மிட்டாய்.

"அண்ணே, இந்த மிட்டாய வச்சுத்தான் நான் மூணு மாசத்தத் தள்ளியிருக்கேன். இதுவும் கூடாதுன்னா நான் எங்கிட்டுப் போறது?"

"நீங்க தின்னுங்க, அழகுமலை. வீட்டுல தெரிஞ்சு தின்னுங்க. ஒளிக்கணும்னு என்னைக்குத் தோணுதோ அன்னைக்கு எனக்குப் போன் போடுங்க."

மிட்டாய் டப்பாவை அவர் கையில் கொடுத்து, இனிமேல் இதற்கு நீங்கள் பொறுப்பு, இது என் பக்கத்தில் இருக்க வேண்டாம் என்றேன். கேக்கையும் அவரே வெட்டினார். ஸ்டீபன் சார் எனக்கு ஒரு தட்டை நீட்ட வந்து, பாதியில் நினைவு வந்து, தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வெளியே வந்து தள்ளுவண்டியில் சுண்டல் வாங்கித் தின்றேன். அப்படிப் பசித்தது.

வீட்டு வாசலில் பிலோமினாள் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அந்தப் பை தெரிந்தது. சொல்லிவிட்டேன் என்றேன். நம்பினாளா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் கேட்காமலே நான் பக்கத்தில் போய் வாயைத் திறந்து ஊதினேன். கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மோந்து பார்த்தாள்.

"சுண்டல்" என்றாள்.

கிராம்பு டப்பாவை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். இப்போதுதான் அவள் கண் கலங்கியது.

"நாளைக்கும் ஊதணும்."

"ஊதுறேன்."

"மூணு வருசமானாலும்."

"ஊதுறேன், பிலோமினா."

அவள் பையைத் தூக்கி உள்ளறையில் கொண்டுபோய் வைத்தாள். நான் செருப்பைக் கழற்றினேன்.