ஐம்பதுக்கு மேல் வேண்டாம்

மேடைதோறும் பெண்ணுரிமை முழங்கிக் கைதட்டல் வாங்கிய அந்த மனிதனுக்குத் தெரு வைத்த பெயர் மைக்கு. மேடையில் மனைவியை "என் வாழ்க்கைத் துணைவியார்" என்பான். வீட்டு வாசற்படி தாண்டியதும் "ஏய்" என்பான். துணைவியாரோ தையல் ஆலையில் நூறு இயந்திரங்களைக் கட்டி மேய்ப்பவள். ஊசி முறிந்தாலும் அவள்தான், மோட்டார் எரிந்தாலும் அவள்தான்.

வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் அவனுடைய பழைய கார் நான்கு ஆண்டுகளாகப் படுத்துக் கிடந்தது. புகை கக்கிக் கக்கி ஒருநாள் மூச்சை நிறுத்திவிட்ட வண்டி. ஓட்டுநர் உரிமம் இருந்தும் அதன் ஸ்டியரிங்கை அவள் ஒருமுறைகூடத் தொட்டதில்லை, அவன் தொட விட்டதில்லை.

"இன்ஜினை நானே பிரிச்சு சரி பண்றேங்க. ஓடுச்சுன்னா வண்டிய நான் வச்சுக்கலாமா? தினமும் ரெண்டு பஸ் மாறி வேலைக்குப் போறதுக்குள்ள உசிரு போகுது."

"ஓட வச்சிட்டா சாவி உனக்குத்தான்," என்று சிரித்தான் மைக்கு.

பக்கத்திலிருந்த அவனுடைய அக்காள் சொன்னாள்: "எழுதி வாங்கிக்கம்மா. பேச்சுக்கு அவன் காசா குடுக்கிறான்?"

ஐந்து மாதங்கள். விடுமுறை நாள் ஒவ்வொன்றும் கொட்டகையில் கரைந்தது. சங்கிலிக் கப்பியில் இன்ஜினைத் தூக்கினாள். கழற்றிய போல்ட்டுகளை, எங்கே கழற்றியது என்று பெயரெழுதிய மாத்திரை டப்பாக்களில் போட்டாள். தேய்ந்த சிலிண்டர்களைப் பட்டறையில் கடைந்து வாங்கி, புதுப் பிஸ்டன்களை இறக்கினாள். மயிரிழை அளவு மெல்லிய தகட்டை நுழைத்து இடைவெளி பார்த்தாள். இத்தனைக்கும் அவன் செய்த உதவி என்ன? வாசலில் நின்று, "என் சட்டையைத் தேய்க்க நேரமில்ல, இதுக்கு இருக்கு," என்றான். வேறொன்றும் செய்யவில்லை.

ஒரு ஞாயிறு காலை, சாவியை முதல்முறை திருகியதுமே இன்ஜின் பற்றிக்கொண்டது. இருமல் இல்லை, புகை இல்லை. கொட்டகைத் தகரம் அதிர அதிர, அவள் கண் கலங்கியது. ஓர் அட்டையில் பெரிதாக எழுதி ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டினாள்: 'ஆயிரம் கிலோமீட்டர் வரை ஐம்பதுக்கு மேல் வேண்டாம்.' புதுப் பிஸ்டனும் புதிதாய்க் கடைந்த சிலிண்டரும் புதிதாய் மணமானவர்களைப் போல. ஒன்றுக்கொன்று இடங்கொடுத்துப் பழகும் வரை விரட்டக் கூடாது.

கைகழுவிவிட்டு வந்தபோது ஓட்டுநர் இருக்கையில் மைக்கு. அவனோடு கூட்டாளிகள் மூவர்.

"ஏங்க, சாவி எனக்குன்னு சொன்னீங்களே?"

"உனக்குத்தான், யாரு இல்லேன்னா? ஒரு ரவுண்டு போயிட்டு வந்து தர்றேன்."

"அப்ப மெதுவாப் போங்க. மேட்டுல விரட்டாதீங்க. சூடேறிப் பிஸ்டன் பிடிச்சிரும்."

"என்ன தலைவரே, வீட்லயே வேகத்தடை போட்டிருக்காங்க!" என்றான் ஒரு கூட்டாளி.

காருக்குள் சிரிப்பு வெடித்தது. மைக்கு அட்டையைப் பிய்த்தான், கசக்கினான், வெளியே எறிந்தான்.

ஒரு மணி நேரத்தில் கார் திரும்பியது, ஒரு லாரியின் பின்னால், கயிற்றில்.

"பாலத்து மேட்டுல தொண்ணூறு தொட்டோம். அப்படியே கப்புன்னு பிடிச்சிருச்சு," என்றான் வேகத்தடைக்காரன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"பொம்பள கட்டுன இன்ஜின் எத்தனை தூரம் தாங்கும்?" தெருவே கேட்கும்படி கேட்டான் மைக்கு. பிறகு சாவியை அவளை நோக்கி வீசினான். "நான் வாக்குத் தவற மாட்டேன். இந்தா, இனி உனக்குத்தான்."

சாவி அவள் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்தாள்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் இன்ஜினைப் பிரித்தாள். மூன்றாவது பிஸ்டனின் பக்கம் உருகி இழுபட்டு, யாரோ நகத்தால் பிறாண்டியதுபோல் கோடு கோடாகக் கிழிந்திருந்தது. அதைத் துடைத்தெடுத்து, அவன் எழுதும் மேசையின் நடுவில் வைத்தாள். பழி யாருடையது என்று வாயால் சொல்லவில்லை. பார்த்தாவது நாணுவான் என்று நம்பினாள்.

திங்கள் மாலை, இரண்டு பேருந்து மாறி வீடு திரும்பினாள். மைக்கு மறுநாள் கூட்டத்துக்கு உரை எழுதிக்கொண்டிருந்தான். மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றது. 'பெண்ணின் உழைப்பைப் போற்றுவோம்' என்று தலைப்பிட்ட தாள்கள் பறந்துவிடாதிருக்க, அவற்றின்மேல் அந்தப் பிஸ்டன் உட்கார்ந்திருந்தது.

"நல்ல கனமா இருக்கு," என்றான் நிமிராமலே. "இன்னொன்னு கெடந்தா கொண்டா."