கேக்கில் விழுந்த ஓட்டை

மீனைப் பார்த்ததும்தான் ஸ்கேனருக்கு முதல் சந்தேகம் வந்தது.

காலையில் காபி கேட்க அடுப்படிக்குள் தலையை நீட்டினார். பெரிய தட்டில் மசாலா தடவிய மீன் துண்டுகள் வரிசையாகக் கிடந்தன. பக்கத்துச் சட்டியில் கோழி. அதற்கும் பக்கத்தில் ஈரல். மூன்றுமே அவருக்கு உயிர். ஆனால் மூன்றையும் ஒரே நாளில் இந்த வீட்டில் சமைத்ததாகச் சரித்திரமே கிடையாது. மீன் வாங்கி வந்தாலே வீடெல்லாம் நாறுது என்று முகத்தைச் சுளிக்கிற மனைவி, இன்றைக்கு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு அதற்கு எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தாள்.

“என்ன விசேஷம்?” என்றார்.

“நம்ம கல்யாண நாள். மறந்துட்டீங்களா?”

மறப்பதாவது! போன வருஷம் இதே நாளில் முந்தின நாள் குழம்பைச் சுடவைத்துச் சாப்பிட்டதுகூட அவருக்கு ஞாபகம் இருந்தது. நாற்பது வருஷமாக இல்லாத கொண்டாட்டம் இப்போது எங்கிருந்து முளைத்தது என்பதுதான் இடித்தது.

ஸ்கேனர் லேசுப்பட்ட ஆள் இல்லை. பித்தளைக் குழாய் செய்கிற தொழிற்சாலையின் மெயின் கேட்டில் செக்யூரிட்டியாகச் சேர்ந்து சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவர். ஷிப்ட் முடிந்து வெளியே போகிற ஒவ்வொருத்தரும் அவர் முன்னால் பையைத் திறக்க வேண்டும், சாப்பாட்டு டப்பாவைத் திறக்க வேண்டும். மிச்சச் சோற்றுக்கு அடியில் குழாய் மூடியைப் புதைத்துக் கொண்டுபோன மகாராஜாக்களை அவர் பார்த்திருக்கிறார். அதற்கென்றே ஒரு மெல்லிய எஃகுக் கம்பி வைத்திருந்தார். சோற்றில் ஒரு குத்து. டக்கென்று சத்தம் கேட்டால் ஆள் அம்பேல். ஆனால் கம்பியைவிடத் தன் கண்ணைத்தான் அவர் நம்பினார். தப்பு செய்தவன் தேவைக்கு மேல் சிரிப்பான், கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வான், கேட்ட கேள்விக்கு இன்னொரு கேள்வி போடுவான். ஸ்கேனர் என்று பேர் வைத்தவர்கள் தொழிலாளிகள். வயிற்றெரிச்சலில் வைத்த பேர். அவர் என்னவோ அதைப் பதக்கம் மாதிரி நெஞ்சில் குத்திக்கொண்டார். வேலைக்காலம் முடிந்ததும் அவரும் கம்பியும் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். தொழிற்சாலைக்கு விட்டது சனி, வீட்டுக்குப் பிடித்தது.

மீன் மட்டும் என்றால் அவரும் விட்டிருப்பார். கொஞ்ச நாளாகவே மனைவியின் போக்கு சரியில்லை. அடுப்படிப் பக்கம் போனாலே தள்ளிப் போங்க என்று விரட்டுகிறவள், தானாகக் கூப்பிட்டு நிறுத்திவைத்துக் குக்கரில் சோறு வைக்கக் கற்றுக்கொடுத்தாள். எத்தனை டம்ளர் தண்ணீர், எப்போது அடுப்பை அணைப்பது என்று பரீட்சை வேறு வைத்தாள். டப்பாக்களில் உப்பு, சர்க்கரை என்று எழுதி ஒட்டினாள். துணி துவைக்கிற மெஷினில் எந்தப் பித்தானை அழுத்துவது என்று அவர் கையைப் பிடித்துக் காட்டினாள்.

“இதெல்லாம் எனக்கு எதுக்கு?” என்று கேட்டதற்கு, “தெரிஞ்சு வச்சிக்கிட்டா நல்லதுதானே” என்றாள். கேட்டில் மாட்டுகிறவன் சொல்கிற அதே வழவழா பதில்.

காபியைக் குடித்து முடிப்பதற்குள் ஸ்கேனர் கணக்குப் போட்டுவிட்டார். வீட்டை விற்கப் போகிறார்கள். போன மாதம் மகளும் மருமகனும் வந்திருந்தபோது மருமகன் சுவரைத் தட்டிப் பார்த்தான், அண்ணாந்து கூரையைப் பார்த்தான். வீட்டை விற்றுவிட்டு இவளை மகள் தன்னோடு கூட்டிக்கொண்டு போவாள். இவரை எங்கேயாவது ஒற்றை அறையில் ஒரு குக்கரோடு தள்ளிவிடுவார்கள். வயிறு முட்ட மீனைப் போட்டுவிட்டுக் கையெழுத்துக் கேட்பார்கள். வீடு போனால் போய்த்தொலையட்டும் என்றுகூடச் சொல்லிவிடுவார். இவளைக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்பதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. அவள் இல்லாமல் வீட்டில் ஒரு வேளைகூட அவர் தனியாகச் சாப்பிட்டது இல்லை.

முதலில் வந்தவர் கேன்டீன்காரர். அதே தொழிற்சாலையில் கேன்டீன் நடத்தியவர், பழைய சிநேகிதர், சமையலில் மனைவிக்கு ஒத்தாசை செய்ய வந்திருந்தார். வந்தவர் வாசல் வழியாக வரவில்லை. பின்கதவைத் தட்டினார்.

“வாசல் இருக்கையில பின்பக்கமா என்னய்யா?”

“கையில இவ்வளவு பெரிய பாத்திரம். வாசல்ல வந்தா நீ நிறுத்திவச்சுக் குடைவே. வீட்டுக்குள்ள வர்றதுக்குள்ள சாப்பாட்டு நேரம் தாண்டிடும்” என்று சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். இந்த ஜோக்குக்கு இவ்வளவு சிரிப்பு அதிகம் என்று ஸ்கேனர் குறித்துக்கொண்டார்.

“இங்க என்ன நடக்குது?”

“கோழி வேகுது.”

அதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒன்றும் பெயரவில்லை. ஆனால் ஸ்கேனர் நகர்ந்த பிறகு அடுப்படியில் இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசினார்கள். அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் பேச்சு வெங்காயத்துக்குத் தாவியது.

மகளும் மருமகனும் வந்தபோது அவர் கதவருகிலேயே நின்றார். மருமகன் கையில் ஒரு கேக் பெட்டி.

“கொடுங்க மாப்பிள்ளை, உள்ள வச்சிடறேன்.”

“பரவாயில்ல மாமா, நானே...”

“கொடுங்கன்னா!”

பெட்டியை வாங்கியவர் அடுப்படிக்குப் போகவில்லை. படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கையில் நிறுத்துப் பார்த்தார். கனமாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய தாள்களை மடித்து அடியில் வைத்திருந்தால்? அலமாரியிலிருந்து கம்பியை எடுத்தார். கேக்கில் ஒரு குத்து. சத்தம் இல்லை. மனசு ஆறாமல் இன்னும் இரண்டு குத்து. கம்பியில் கிரீமைத் தவிர ஒன்றும் ஒட்டவில்லை. ஓட்டைகளை விரலால் தடவி அடைக்கப் பார்த்தார். அது இன்னும் அசிங்கமாகப் போனது. விரலை நக்கிக்கொண்டு பெட்டியை மூடிவிட்டார்.

அடுத்தது மகள். கூடத்தில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தவளிடம், “அம்மா உன்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா?” என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார்.

“எதைப் பத்திப்பா?”

கேள்விக்குக் கேள்வி. மாட்டினாள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கண் சிவந்திருந்தது.

“ஏம்மா அழுதியா?”

“வெங்காயம்பா.”

வெங்காயத்தை அவள் வருவதற்கு முன்னாலேயே நறுக்கி முடித்திருந்தார்கள்.

மருமகன்தான் இருப்பதிலேயே இளகிய ஆள். கொஞ்சம் அழுத்தினால் கொட்டிவிடுவான் என்று அவனை ஜன்னலோரம் ஒதுக்கினார்.

“மாப்பிள்ளை, இந்தப் பக்கமெல்லாம் வீடு என்ன விலைக்குப் போகுது?”

“தெரியலையே மாமா. ஏன், விக்கப் போறீங்களா?”

அவன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். அதில் நடிப்பு இல்லை. சுவரைத் தட்டினீங்களே என்று கேட்டதற்கு, ஓதம் ஏறுது மாமா, பூச்சு உதிரும்போல இருக்கு என்றான். காலையிலிருந்து அடுக்கி வைத்த கணக்கு அப்படியே சரிந்தது. யாரும் கேட்காமலேயே அவன் சொன்னான்:

“நீங்க எப்ப வேணும்னாலும் எங்க வீட்டுல வந்து இருக்கலாம் மாமா. தனியா இருக்கணும்னு இல்ல.”

“நான் எதுக்கு மாப்பிள்ளை தனியா இருக்கப் போறேன்?”

அவன் விழித்தான். நல்லவேளையாக அவனுக்கு, அடுப்படியிலிருந்து எல்லாரும் வாங்க என்று குரல் வந்தது.

மேஜை கொள்ளாமல் சாப்பாடு இருந்தது. பொன்னிறமாக வறுத்த மீன், எண்ணெய் மிதக்கிற கோழிக்குழம்பு, மிளகு மணக்கும் ஈரல், ஆவி பறக்கும் சோறு. வாசனையிலேயே பாதி வயிறு நிறைந்துவிடும். சாதாரண நாளாக இருந்தால் ஸ்கேனர் இந்நேரம் ஒரு துண்டு மீனை வாயில் போட்டிருப்பார். இன்றைக்கு அவர் மீனைப் பார்க்கவில்லை, முகங்களைப் பார்த்தார். மனைவி நல்ல புடவை கட்டியிருந்தாள். எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகிறவள், கரண்டியைக் கேன்டீன்காரர் கையில் கொடுத்துவிட்டு அவருக்கு எதிரே முதல் ஆளாக உட்கார்ந்தாள்.

“முதல்ல கேக்கை வெட்டிடுங்க” என்று மகள் பெட்டியைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள். “என்னங்க இது? கேக்ல ஓட்டை ஓட்டையா இருக்கு!”

“கடையில பாத்துத்தானே வாங்கினேன்” என்று மருமகன் பதறினான். “எலி ஏதாச்சும்...”

கேன்டீன்காரர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து ஸ்கேனரைப் பார்த்தார். “எலி இப்படி நேர்க்குத்தா குத்தாது. இந்த ஓட்டையை நான் வருஷக்கணக்கா டிபன் டப்பாவுல பாத்திருக்கேன். இது மெயின் கேட் வேலை.”

அவ்வளவுதான். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மருமகன் சிரிக்கலாமா கூடாதா என்று தவித்து, கடைசியில் அடக்க முடியாமல் வெடித்துவிட்டான். ஸ்கேனரும் அசடு வழிந்து, “இல்ல, வெந்திருக்கான்னு பாத்தேன்” என்றார். அதற்கு இன்னொரு சுற்றுச் சிரிப்பு.

மனைவி மட்டும் சிரிக்கவில்லை. மூன்று ஓட்டைகளையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேக் வெட்ட எடுத்த கத்தியைக் கீழே வைத்தாள்.

“சாப்பிட்டு முடிச்சதும் சொல்லலாம்னு இருந்தேன். இப்பவே சொல்லிடறேன். என் சிநேகிதி பொண்ணுங்க ஹாஸ்டல் நடத்துறால்ல, அங்க சமையலைப் பாத்துக்க ஆள் தேடிக்கிட்டிருந்தா. நான் வர்றேன்னு சொல்லிட்டேன். தங்குறது அங்கயேதான். நாளைக்குக் காலையில கிளம்பறேன்.”

சிரிப்பு நின்றுவிட்டது. ஸ்கேனர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மகள் கண்ணைத் துடைத்தாள். மருமகன் தட்டைப் பார்த்தான். கேன்டீன்காரர் கலக்க வேண்டிய அவசியமே இல்லாத குழம்பைக் கலக்கினார்.

“யார் யாருக்கெல்லாம் இது முன்னாடியே தெரியும்?” என்றார் ஸ்கேனர்.

கேன்டீன்காரர்தான் சொன்னார்: “எல்லாருக்கும் தெரியும்யா.”

“எத்தனை நாளா?”

“பாத்தீங்களா?” என்றாள் மனைவி. கோபமே இல்லாத குரல். “வீட்டை விட்டுப் போறேன்னு சொல்றேன். ஏன் போறேன்னு நீங்க கேக்கல. யாருக்குத் தெரியும், எப்ப தெரியும்னுதான் கேக்கறீங்க.”

அவர் தன் தட்டை நேராக நகர்த்தி வைத்தார்.

“நீங்க கெட்டவர் இல்லைங்க. குடிச்சது இல்ல, கை நீட்டினது இல்ல. ஆனா கடைக்குப் போயிட்டு வந்தா பையைப் பாப்பீங்க. போன்ல பேசினா யாருன்னு கேப்பீங்க. யாருன்னு சொன்னா, இவ்வளவு நேரம் என்ன பேச்சுன்னு கேப்பீங்க. எங்கப்பாவை அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னிக்கும் என் பையைத் திறந்தீங்க. உள்ள அவரோட பழைய சட்டை ஒண்ணு இருந்துச்சு. யாரு சட்டை இதுன்னு கேட்டீங்க.”

சட்டை அவருக்கு ஞாபகம் இருந்தது. நீலக் கட்டம் போட்டது, காலர் நைந்துபோனது. கேட்டதுதான் ஞாபகம் இல்லை. ஆனால் கேட்டிருப்பார். அதில் அவருக்கே சந்தேகம் வரவில்லை. முகம் சுட்டது. மகள் முன்னால், மருமகன் முன்னால், இத்தனை வருஷச் சிநேகிதன் முன்னால் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“எங்க போயிட்டு வர்றேன்னு யாருமே கேக்காத ஒரு இடத்துல கொஞ்ச நாள் இருக்கணும்போல இருக்கு. அவ்வளவுதான்.”

“அதுக்கு எதுக்கு இவ்வளவு சாப்பாடு?” அவர் குரல் உடைந்தது. “தனியா என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“தனியா சொன்னா நம்பியிருக்க மாட்டீங்க. இதுக்குப் பின்னால வேற என்னமோ இருக்குன்னு ராத்திரி பகலா தோண்டுவீங்க. அதான் நாலு பேரை வச்சுக்கிட்டுச் சொல்றேன்.” குழம்புச் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். “கல்யாண நாள்தானே. உங்களுக்குப் பிடிச்சதையெல்லாம் ஒரு தடவை சமைச்சுப் போட்டுட்டுப் போகலாம்னும் தோணுச்சு. அதுல சூது ஒண்ணும் இல்ல. சாப்பிடுங்க, ஆறிடும்.”

கேன்டீன்காரர் பரிமாறினார். முதலில் தட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. மகள், மீன்ல உப்பு கச்சிதம்மா என்றாள். மருமகன் இரண்டாம் தடவை குழம்பு கேட்டான். கேன்டீன்காரர் கேன்டீனில் ஒரு நாள் சோறு குழைந்துபோய்க் கலவரம் வந்த கதையைச் சொன்னார். மனைவி தலையைச் சாய்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு ரொம்ப நாள் ஆகிவிட்டது என்பது ஸ்கேனருக்கு அப்போதுதான் உறைத்தது. மீன் அவ்வளவு ருசியாக இருந்தது. அவர் அதே துண்டைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் பேச்சில் இருந்த நேரமாகப் பார்த்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டார்.

“எப்ப வருவே?”

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

“தெரியலைங்க” என்றாள்.

சீக்கிரம் வந்துடறேன் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். இருக்கிற ஆசைக்கு அதை அவர் அப்படியே நம்பியிருப்பார். ஆனால் அவளுக்கு அவரிடம் பொய் சொல்லிப் பழக்கமே இல்லை. பெரிய துண்டு மீனாகப் பார்த்து எடுத்து அவர் தட்டில் வைத்துவிட்டு, அவள் தன் சாப்பாட்டுக்குத் திரும்பினாள்.