ஆறு லிட்டருக்குக் கீழே

என் கணவன் இஸ்மோ என்னை எடைக் கருவியில் ஏறி நிற்கச் சொன்னது ஒரு சனிக்கிழமை காலை. நான் இன்னும் காபிகூடக் குடித்திருக்கவில்லை.

"எதுக்கு?" என்றேன்.

"காருக்கு."

"காருக்கு எதுக்குடா என் எடை?"

"மொத்தப் பாரம் தெரியணும் ராய்லி. சும்மா சொல்லு, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நீ பஸ்ல வான்னு அடுத்து சொல்லுவே."

அந்த யோசனை அவனுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

எல்லாம் அந்தச் சிவப்புக் காரால் வந்தது. இருபத்து நான்கு வயதான, தீப்பெட்டி அளவு கார். கோடையில் ஏதோ பரவாயில்லை. பனிக்காலம் வந்தால் நூறு கிலோமீட்டருக்கு ஒன்பது லிட்டர் பெட்ரோல் குடிக்கும். அவ்வளவு குடித்தும் அதன் வெப்பக்காற்று ஓட்டுநரின் காலுக்கு மட்டும்தான் வரும். என் பக்கத்துக் கதவின் ரப்பர் எப்போதோ இற்றுப்போய்விட்டது. பதினோரு குளிர்காலமாக நான் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை போட்டும், கதவை ஒட்டியிருக்கும் என் வலது கால் ஒரு உறைந்த மீன்தான்.

கயானி நகரத்தில் ஒரு கடையில் மூன்று வருடப் பழைய கார் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். இருக்கையே சூடாகும். அதில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க மனமில்லாமல், விற்பனையாளரிடம் தேவையில்லாத கேள்வியெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இஸ்மோ அசையவில்லை. "வண்டி மேல தப்பில்லை. ஓட்டுற முறைதான் தப்பு. நான் நெனச்சா ஆறு லிட்டருக்குக் கீழே ஓட்டிக் காட்டுவேன்" என்று கலேவியின் பெட்ரோல் நிலையத்துக் காபிக்கடையில் பத்துப் பேர் நடுவே சொல்லிவிட்டான். எங்கள் கிவிவாராவில் அப்படி ஒரு வார்த்தையை விட்டுவிட்டுத் திரும்ப எடுக்க முடியாது. கலேவி அங்கேயே நடுவராகிவிட்டான். அவனுடைய பம்பில் தொட்டியை விளிம்பு வரை நிரப்ப வேண்டும். கயானி போய்த் திரும்பி, அதே பம்பில் மறுபடி விளிம்பு வரை நிரப்ப வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு ஆறு லிட்டருக்குக் கீழே வந்தால், கார் தானாகச் சாகும் வரை நான் வாயைத் திறக்கக் கூடாது. ஆறோ அதற்கு மேலோ வந்தால், திங்கட்கிழமை காயலான் கடைக்காரன் வந்து தூக்கிக்கொண்டு போவான். அவன் ஏமாற்றாமல் இருக்க நானும் கூடவே போக வேண்டும்.

அதற்காகத்தான் இந்த எடை ஆராய்ச்சி.

வாசலுக்குப் போய்ப் பார்த்தால், காரின் பின் இருக்கை பனியில் கிடந்தது. பக்கத்தில் மாற்றுச் சக்கரம், ஜாக்கி, மண்வாரி, பனியில் பின்பக்கம் வழுக்காமல் இருக்கப் பாரத்துக்கு வைத்திருந்த மணல் மூட்டை, கால்மிதிகள், சாம்பல் கிண்ணம். ரேடியேட்டருக்கு முன்னால் வாழைப்பழப் பெட்டியின் அட்டை ஒன்றைச் செருகியிருந்தான், குளிர்காற்று இன்ஜினில் படாமல் இருக்க. டயர்களில் காற்றைத் தட்டினால் டங்கென்று கேட்கும் அளவுக்கு ஏற்றியிருந்தான். இன்ஜினைச் சூடாக்கும் ஒயர், கார் நிறுத்துமிடத்து மின்கம்பத்தில் விடியற்காலையிலிருந்தே செருகியிருந்தது.

"அந்தக் கரண்டும் செலவுதானே?" என்றேன்.

"பந்தயம் பெட்ரோலுக்கு. கரண்டுக்கு இல்லை."

"மண்வாரியாவது இருக்கட்டும்டா. மைனஸ் இருபத்தாறு."

"ரெண்டு கிலோ."

நான் காபி பிளாஸ்கை எடுத்தேன். "அது எதுக்கு? குடிச்சிட்டு வா" என்றான்.

"என் வயித்துல இருந்தா எடை இருக்காதா?"

அவன் நிஜமாகவே யோசித்தான். பிறகு, "குடிக்காமலே வா" என்றான்.

கலேவி தொட்டியை விளிம்பு வரை நிரப்பினான். குனிந்து காருக்குள் பார்த்தான். "டேய் இஸ்மோ, ஸ்டியரிங்கை மறந்துட்டியே. அதையும் கழட்டிடு."

"சிரிடா சிரி. சாயங்காலம் பேசுவோம்."

கிளம்பினோம். வேகமுள் மணிக்கு எழுபதுக்கு மேல் ஏறவே இல்லை. எங்களுக்குப் பின்னால் மரம் ஏற்றிய லாரிகள் வரிசைகட்டி வந்து ஹாரன் அடித்தன. இஸ்மோ ஒரு புன்னகையோடு ஒதுங்கி ஒரு லாரியை முன்னே விட்டான். உடனே அதன் முதுகில் ஒட்டிக்கொண்டான். லாரியின் மறைவில் போனால் காற்றுத் தடை குறையுமாம். லாரி கிளப்பிய பனிப்பொடியில் எங்களுக்கு உலகமே தெரியவில்லை.

"இஸ்மோ, முன்னால என்ன இருக்கு?"

"லாரி."

"தெரியுதா?"

"நம்பிக்கைதான்."

கயானியில் சந்தைத் திடலை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பினான். எனக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றேன். நிறுத்தினால் இன்ஜின் ஆறிவிடும் என்றான். "இன்னும் எண்பது கிலோமீட்டர்தானே" என்று வேறு சேர்த்துக்கொண்டான். நான் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்த பிறகுதான் நிறுத்தினான். திரும்பி வந்தபோது ஏதோ நான் தொட்டியில் ஓட்டை போட்டதுபோல் பார்த்தான்.

திரும்பும் வழியில்தான் அவனுடைய பெரிய தத்துவம் வெளியே வந்தது. "பிரேக் போட்டா என்ன அர்த்தம்? அதுக்கு முன்னாடி எரிச்ச பெட்ரோல் வீண்னு அர்த்தம். நல்ல டிரைவருக்கு பிரேக் வேண்டாம்."

ஊருக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும்போது, ஏரிக்கரை வளைவில், அந்தத் தத்துவத்துக்குச் சோதனை வந்தது. மணல் மூட்டை இல்லாத பின்பக்கம் பூனை வால்போல ஒருமுறை ஆடியது. பிறகு நாங்கள் மெதுவாக, ஏறக்குறைய மரியாதையாக, சாலையோரப் பனிக்குவியலுக்குள் போய் உட்கார்ந்தோம். யாருக்கும் அடியில்லை. காருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"மண்வாரியை எடு" என்றேன்.

இப்படிச் சொல்லும் சந்தர்ப்பம் ஒரு மனைவிக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

இஸ்மோ கையாலேயே பனியைத் தோண்டிப் பார்த்தான். ஐந்து நிமிடத்தில் உள்ளே வந்து, இன்ஜினை நிறுத்தினான்.

"என்னடா பண்றே? உறைஞ்சு சாவோம்டா!"

"சும்மா ஓடினா மணிக்கு முக்கால் லிட்டர் போகும் ராய்லி. யாராவது வருவாங்க."

வருவார்கள்தான். இந்தக் குளிரில் சாலையோரத்தில் ஒரு கார் நின்றால், ஜென்மப் பகையாளிகூட நிறுத்தாமல் போக மாட்டான். ஆனால் அன்றைக்கு வந்தவர் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தார். அதுவரை முகப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அதை அணைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்றான்.

வந்தது பனி அள்ளும் பெரிய லாரி. ஓட்டியவள் ஐலா, பக்கத்துக் கிராமம். இறங்கி வந்து, இருக்கை இல்லாத பின்பக்கத்தைப் பார்த்தாள். ரேடியேட்டரில் இருந்த வாழைப்பழப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உங்களை யாராவது கடத்திட்டுப் போறாங்களாக்கா?"

"இல்லம்மா. கல்யாணம் பண்ணிக்கிட்டான்."

கயிறு போட்டு வெளியே இழுத்தாள். இஸ்மோ சாவியைத் திருப்பினான். டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பேட்டரி செத்துவிட்டது. லாரி பேட்டரி இரட்டை வோல்ட், இந்தப் பொட்டிக்குக் கொடுத்தால் உள்ளே இருப்பதெல்லாம் கருகிவிடும் என்றாள் ஐலா. கியரில் போட்டுச் சிறிது தூரம் இழுத்தும் பார்த்தாள். இன்ஜின் இருமக்கூட இல்லை.

"உங்க ஊர் வழியாத்தான் போறேன். அப்படியே கட்டி இழுத்துட்டுப் போயிடறேன். அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கட்டும். அக்கா, நீங்க மேல வாங்க."

லாரியின் கூண்டுக்குள் ஏறினேன். வெப்பம் என்றால் அதுதான் வெப்பம். ஐலா பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தாள், ஏலக்காய் ரொட்டியும் கொடுத்தாள். பூட்ஸைக் கழற்றிவிட்டு வெப்பக்காற்றுக்கு நேரே காலை நீட்டினேன். அந்த வருடத்தில் முதல்முறையாக என் வலது கால் இருப்பதை உணர்ந்தேன்.

பனியை அள்ளிக்கொண்டே, ஊர்ந்து ஊர்ந்து போனோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

"அண்ணன் பின்னால கையை ஆட்டுறாரே, என்னன்னு பாருங்க" என்றாள் ஐலா, கண்ணாடியைப் பார்த்து.

பார்த்தேன். தன் மூச்சுக்காற்று கண்ணாடியின் உள்பக்கம் உறைய உறைய, இஸ்மோ ஒரு கையால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"சந்தோஷத்துல ஆட்டுறான். இன்னொரு ரொட்டி இருக்கா?"

கலேவியின் பம்பு முன்னால் எங்களை அவிழ்த்துவிட்டு ஐலா போய்விட்டாள். இஸ்மோவின் புருவம் வெள்ளையாக இருந்தது. அவனை அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, கையில் ஒரு கோப்பையைத் திணித்தார்கள். கலேவி தொட்டியை நிரப்பிவிட்டு உள்ளே வந்தான்.

"ஏழு புள்ளி எட்டு லிட்டர் பிடிச்சுது. நூத்தி அறுபது கிலோமீட்டர். அப்படின்னா..." உதடு அசையக் கணக்குப் போட்டான். "நூத்துக்கு நாலு புள்ளி ஒன்பதுடா இஸ்மோ! அடப்பாவி!"

கடையே எழுந்து நின்றது.

"என்ன கணக்கு இது?" என்று கத்தினேன். "கடைசி முப்பத்தஞ்சு கிலோமீட்டர் கயித்துல வந்தது! அதைக் கழிச்சிட்டுப் போடு. ஆறுக்கு மேல வரும்!"

கலேவி தாடையைச் சொறிந்தான். "பம்புல இருந்து பம்பு வரைக்கும்னுதானே பேச்சு? வழி முழுக்க இன்ஜின் ஓடணும்னு யாராவது சொன்னீங்களா?"

"அதை வேற சொல்லணுமா?"

"சொல்லலையே ராய்லி. இஸ்மோ ஜெயிச்சான். கார் இருக்கும்."

சூடான இருக்கை என் கண் முன்னாலேயே பறந்து போயிற்று. எல்லோரும் இஸ்மோவின் முதுகில் தட்டினார்கள். அவன் பேச வாயைத் திறந்தான். பல் மட்டும் தந்தியடித்தது. கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்தான்.

"ராய்லி, உன் பக்கம் தினமும் இப்படித்தான் இருக்குமா?"

"இல்லை. இதைவிட மோசம். உனக்கு வெறும் குளிருதான். நான் உன் பேச்சையும் கேக்கணும்."

அவன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே சொன்னான். "திங்கட்கிழமை வந்து தூக்கிட்டுப் போகச் சொல்லு."

"டேய், நீ ஜெயிச்சிருக்கடா!" என்றான் கலேவி.

"தெரியும்டா. ஜெயிச்சவன்தான் சொல்றேன். தோத்திருந்தா குடுத்திருக்கவே மாட்டேன்." மூக்கை உறிஞ்சினான். "ஆனா போர்டுல எழுது."

எழுதினார்கள். கலேவியின் கடையில், உறைந்த ஏரியில் துளை போட்டுப் பிடித்த மிகப் பெரிய மீனின் எடைக்குக் கீழே இன்றைக்கும் இருக்கிறது: குளிர்காலச் சாதனை, நூறுக்கு 4.9, இஸ்மோ.

இந்தக் குளிர்காலத்தில் அதைப் பார்த்துவிட்டுப் பலர் அவனிடம் பாடம் கேட்க வருகிறார்கள். அட்டையைப் பற்றியும் டயர் காற்றைப் பற்றியும் அரை மணி நேரம் பேசுகிறான். கயிற்றைப் பற்றி மூச்சு விடுவதில்லை. போன வாரம் ஓர் ஆள் விடாமல் எங்கள் கார்வரைக்கும் பின்னாலேயே வந்து, "வேற ஏதாவது ரகசியம் உண்டாண்ணே?" என்று கேட்டான். இஸ்மோ தவிப்போடு என்னைப் பார்த்தான்.

நான் சூடான இருக்கையில் இருந்தேன். அதனால் மனது இளகியிருந்தது.

"முன்னால போற வண்டியோட நல்லா ஒத்துப்போகணும் தம்பி" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினேன்.