துடைத்தெடுத்த ஏரி

தங்கை ஸ்டுடியோவுக்குள் நுழைந்த வேகத்தில் கண்ணாடிக் கதவு இரண்டு தரம் ஆடி நின்றது. அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரில் யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் கன்னத்துக்கு மெருகேற்றிக்கொண்டிருந்தான்.

சாயப் பட்டறைக் கழிவு ஏரியில் கலக்கிறது என்று தெருவே திரண்டு கொடுத்த புகாருக்கு அன்று மதியம் விசாரணை. புகாரில் முதல் கையெழுத்து அவளுடையது. பட்டறை முதலாளியோ அவள் எடுத்த ஏரிப் படத்தையே சுவர் அகலத்துக்கு அச்சடித்து விசாரணைக் கூடத்தில் காலையிலேயே மாட்டிவிட்டான். பளிங்கு மாதிரி நீலத் தண்ணீர். கீழே அவள் பெயர், முதல் பரிசு என்ற பெருமை வேறு. பார்த்ததும் அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

அவள் எடுத்தது பழுப்பு ஏரியை. வானம் வெளிச்சம், கரை இருட்டு என்பதால் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, வானத்துக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று என மூன்று படம் எடுத்திருந்தாள். மூன்றையும் ஒன்றாகச் சேர்ப்பது அண்ணன் வேலை. சேர்த்ததோடு நிறுத்தியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். கை சும்மா இருக்குமா? நிறத்தை ஏற்றி, பழுப்பை நீலமாக்கி, நுரையை வழித்தெடுத்து, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போட்டிக்கும் அனுப்பிவிட்டான்.

பழைய ஃபைலைத் திற என்றாள். பரிசைப் பிடுங்கிக்கொள்வார்கள், ஸ்டுடியோ பெயர் நாறிவிடும் என்று மழுப்பினான்.

"போட்டோன்னா கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கணும்மா. அழுக்க எவன் பாப்பான்?"

"உன் குளிர்ச்சியில கொள்ளிய வைக்க. எழுந்திரு."

நாற்காலியைப் பிடுங்கி உட்கார்ந்து, அவன் பூசிய பூச்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். நீலம் போனது. நுரை திரும்பி வந்தது. இடது கரையில் மட்டும் ஏதோ கலங்கலாகத் தெரிந்தது.

"அது என்ன?"

"ஏதோ அசைஞ்சிருக்கு. மூணையும் சேர்த்தப்போ அசிங்கமா தெரிஞ்சுது, துடைச்சுட்டேன்."

அவள் மூன்று படங்களையும் தனித்தனியாகத் திறந்தாள். முதல் படத்தில் மஞ்சள் கவுன் போட்ட சிறுமி ஏரித் தண்ணீரில் நனைந்த காலோடு குனிந்து முழங்காலைச் சொறிகிறாள். இரண்டாவதில் இரண்டு கையாலும். மூன்றாவதில் தரையிலேயே உட்கார்ந்து கணுக்காலைப் பிறாண்டுகிறாள். அண்ணன் மகள்.

தள்ளி நில் என்று படம் எடுத்த அன்று அதட்டியது அவளுக்கு நினைவு வந்தது. வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் பிள்ளையைப் பார்க்கவில்லை. கோபம் இப்போது தன் மேலும் பாய்ந்தது.

அந்தக் காலுக்குத்தான் அண்ணன் தினமும் களிம்பு தடவுகிறான், சூட்டுக் கொப்புளம் என்று சொல்லிச் சொல்லி. திரையருகே குனிந்தான். பழக்க தோஷத்தில் கை மவுசுக்குப் போய் அப்படியே நின்றது.

"துடையேன். அசிங்கமா இருக்குல்ல?"

அவன் மவுசிலிருந்து கையை எடுத்தான்.

"விசாரணையில நான் பேச மாட்டேன். நீ வா. எதத் துடைச்சேன்னு நீயே சொல்லு."

அவன் மூன்று படங்களையும் பென் டிரைவில் ஏற்றினான். ஒன்றிலும் கை வைக்காமல், எடுத்தது எடுத்தபடியே.