உதிர்ந்த மலை இறகு

படிவத்தின் பதினேழாவது கேள்விதான் வேல்விழியின் வாயை அடைத்தது: 'இம்மொழியில் புதுச் சொல் பிறக்கிறதா?'

நரிக்குறவர் காலனியிலிருந்து பட்டம் வாங்கிய முதல் பெண் அவள். அவர்களுடைய வாக்ரிபோலி மொழியைக் கணக்கெடுக்க வந்த பேராசிரியர் செல்வதுரைக்குத் துணையாக வந்திருந்தாள். 'இல்லை' என்றால் சாகிற மொழி. நாலு பாட்டைப் பதிவு செய்து அலமாரியில் பூட்டிவிடுவார்கள். 'ஆம்' என்றால் காலனிப் பிள்ளைகளுக்கு அந்த மொழியிலேயே வாசிப்புப் புத்தகம் வரும்.

"செல்போனுக்கு உங்க பாஷையில என்ன?"

"செல்போன்தான் சார். நீங்க மட்டும் என்ன, அலைபேசின்னா சொல்லுதீங்க?"

அவர் சிரித்தார். பேனா 'இல்லை' கட்டத்தின் மேலேயே நின்றது. விடுதியில் ஐந்து வருஷம் தன் மொழியை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கியதற்கு இப்போது அவளுக்கு ஆத்திரம் வந்தது.

அவர்கள் நின்ற துறைமுகச் சாலையோரம் அவள் சித்தி கிருபை பாசிமணி விற்றுக்கொண்டிருந்தாள். குஜராத் ஓட்டுநரிடம் இந்தியில் பேரம், ஆந்திராக்காரரிடம் தெலுங்கில் வசவு, பக்கத்துப் பெண்களிடம் வாக்ரிபோலி.

"எத்தன பாஷைம்மா ஒரு வாய்க்குள்ள!" என்றார் செல்வதுரை.

"வாய் ஒண்ணுதான் சார். வீட்டுல வயிறு நாலு."

அந்நேரம் போலீஸ்காரர் விசிலடித்து வண்டிகளை நிறுத்தினார். காற்றாலை இறக்கை ஏற்றிய லாரி வளைவில் திரும்பியது. லாரி தலை மறைந்த பிறகும் இறக்கை வந்துகொண்டே இருந்தது. பாசிக்காரப் பெண்கள் எழுந்து நின்று ஒரு சொல்லைக் கூவினார்கள்.

வேல்விழி கேட்டேயிராத சொல், ஆனாலும் அவளுக்குப் புரிந்தது. பிடுங்கிய இறகுக்கு அவர்கள் கூட்டத்தில் ஒரு சொல் உண்டு. உயிருள்ள பறவை தானாக உதிர்த்த இறகுக்கு வேறு சொல். அந்த இரண்டாவதோடு 'மலை'யை ஒட்டியிருந்தார்கள்.

"யாரு வச்ச பேரு சித்தி?" தன் மொழியில், நடுரோட்டில், சத்தமாகக் கேட்டாள்.

"யாரு வச்சா? வந்துச்சு, கூப்பிட்டோம். நீதான் இங்க இல்லையே."

வேல்விழி பொருள் சொன்னதும் செல்வதுரை குரல் தாழ்ந்தது. "அப்ப அந்தப் பறவை?"

"பிடுங்குனதுன்னா செத்திருக்கும்," என்றாள் கிருபை தமிழில். "இது உதிர்ந்ததுல்லா? எங்கனயோ பறக்குது சார்."

அவர் தன்னையறியாமல் வானத்தைப் பார்த்தார். வேல்விழியும் பார்த்தாள்.

"பேனாவ இங்க தாங்க சார்."

'ஆம்' கட்டத்தில் குறியிட்டு, அந்தச் சொல்லை எழுதத் தொடங்கினாள். நடுவிலுள்ள ஒலிக்குத் தமிழில் எழுத்தில்லை. மூன்று முறை அடித்துத் திருத்திவிட்டு, அங்கே வெற்றிடம் விட்டுப் பக்கத்தில் எழுதினாள்: 'இந்த எழுத்தை நாங்கள் செய்துகொள்வோம்.'